லிட்டருக்கு இருபத்துநான்கு

வாடகைக் காரில் ஏறுகிறவர்கள் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்பார்கள். பெண்ணாக இருந்துகொண்டு இந்த வேலைக்கு எப்படி வந்தாய் என்பது முதல் கேள்வி. எந்த ஊர் என்பது இரண்டாவது. என் பேச்சைக் கேட்டுவிட்டு மலையாளமா என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். வண்டி என்ன மைலேஜ் கொடுக்கிறது என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்வேன். மூன்றாவதற்கு மட்டும், தெரியாது, முதலாளியிடம்தான் கேட்க வேண்டும் என்பேன். அது பொய். எந்த வண்டியை எடுத்தாலும் இரண்டாம் நாளே அது எவ்வளவு குடிக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பதினொன்றாம் வகுப்பில் இரண்டு மாதம் உட்கார்ந்ததோடு என் படிப்பு முடிந்தது. அதன்பின் திருப்பூரில் பனியன் கம்பெனி, எர்ணாகுளத்தில் துணிக்கடை, ஓசூரில் ஒரு பெண்கள் விடுதியின் சமையற்கட்டு என்று சுற்றிவிட்டுக் கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். எந்த ஊரிலும் இரண்டு வருடம் முழுதாக இருந்ததில்லை. படிப்பில் எனக்கு ஒட்டியது ஒன்றே ஒன்றுதான். புள்ளி வைத்து வகுப்பது நாலாம் வகுப்பிலேயே தண்ணீர்பட்ட பாடு. அதைச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல. அப்பாவின் வெள்ளைக் கார்.

இரணியலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா தக்கலையில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனைக்கு நின்றார். அம்மா வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளான பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்தபோது நகையோடு ஒரு புதுச் சின்னக் காரும் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. எங்கள் பக்கத்தில் அப்படிக் கொடுக்கிற காரை ரிப்பன் கட்டி மண்டபத்து வாசலிலேயே நிறுத்திவைப்பார்கள். வருகிறவர்கள் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போவார்கள். அம்மாவின் முறை வந்தபோது கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எனக்குக் கார் வேண்டாம் என்று அப்பா பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டாராம். அதைப் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்கு எட்டு வயதானபோது, இரண்டு பேர் ஓட்டித் தள்ளிய அந்த வெள்ளைக் காரை வாங்கினார். நாலு கதவில் ஒன்று உள்ளேயிருந்து திறக்காது. பெரியப்பாவோ முதல் காரைக் கொடுத்துவிட்டு வெள்ளி நிறத்தில் இன்னொரு புதிய சின்னக் கார் எடுத்திருந்தார். பார்வைக்கு, வேகத்துக்கு, பாட்டுப்பெட்டிக்கு, எதற்கும் எங்கள் வண்டி அதன் பக்கத்தில் நிற்காது. பெரியப்பா நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"தம்பி, உனக்க ஆட்டோவுக்கு நாலாவது வீல் எப்ப மாட்டுன?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார்.

அப்பா சிரிக்காமல், "நாலு வீல்ல ஓடுனாலும் இது குடிக்கது ஆட்டோ குடிக்க பெட்ரோலுதான் அண்ணே" என்பார். அந்த ஒரு பதில்தான் அவரிடம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, ஆண்கள் சர்ச் வளாகத்தில் அவரவர் கார் பக்கத்தில் நிற்பார்கள். சபைக்குள் எழுந்து சாட்சி சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்கூட வெளியே வந்து தங்கள் வண்டியைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். பதினெட்டு கிட்டுகிறது என்பார் ஒருவர். இருபது என்பார் அடுத்தவர். மூன்றாவது ஆள் இருபத்தொன்றுக்குக் குறையமாட்டார். பரலோகத்துக்குப் போகிற வழியில்கூட இத்தனை பேர் இவ்வளவு சிக்கனமாகப் போக மாட்டார்கள். அப்பா கடைசியில், அவசரமே இல்லாமல், "எனக்கு இருபத்திநாலு" என்பார். யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த இருபத்துநான்குக்காக அப்பா பட்ட பாட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆக்சிலேட்டருக்குக் கீழே ஓர் எறும்பு உயிரோடு கிடப்பதாக நினைத்துக்கொண்டு மிதிக்க வேண்டும். பிரேக்கைச் சவிட்டவே கூடாது. அப்படி மிதித்தால், அதுவரை எரிந்த பெட்ரோலை ரோட்டில் ஊற்றியதற்குச் சமம். இறக்கம் கண்டால் நியூட்ரல். ஏசி என்கிற பொத்தான் வண்டியோடு வந்த ஓர் அலங்காரம். கண்ணாடியை இறக்கினால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்கும், அதனால் கண்ணாடியும் ஏறியே இருக்கும். இது கடைக்கு வந்த யாரோ ஒரு பொறியாளர் சொன்னது. இப்போது எனக்குத் தெரியும். எண்பது, தொண்ணூறில் போகிற வண்டிக்குத்தான் அந்தக் கணக்கு. அப்பா நாற்பதைத் தாண்டியதே இல்லை. அவர் போன வேகத்துக்கு நாலு கண்ணாடியையும் கழற்றி எறிந்திருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது.

முழுப்பரீட்சை முடிந்த விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று பெரியப்பா சொன்னார். இரண்டு வண்டியும் தக்கலையில் ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே குழாயில் டேங்க் நிறைத்துப் புறப்படுவது. பேச்சிப்பாறை அணைக்கு ஏறி, திரும்பி இறங்கி, நேரே இராஜாக்கமங்கலம் கடற்கரைக்குப் போய், சாயங்காலம் அதே பங்குக்கு வந்து மறுபடி நிறைப்பது. மலையும் சமதரையும் ஒரே நாளில் வந்துவிடும், யாரும் சாக்குச் சொல்ல முடியாது. ஓடிய தூரத்தைப் பிடித்த பெட்ரோலால் வகுத்தால் தீர்ந்தது வழக்கு. இரண்டு குடும்பமும் போவது, சோறு கட்டிக்கொள்வது. எங்கள் வண்டியில் அப்பா, அம்மா, நான். அவர்கள் வண்டியில் பெரியப்பா, பெரியம்மா, என்னைவிட ஒரு வயது மூத்த அண்ணன்.

அம்மாவுக்கு அப்போது மூன்றாம் மாதம். எனக்குப் பிறகு ஒன்பது வருடம் கழித்து உண்டானது. எனக்கு அது தெரியாது. காலையில் வாந்தி எடுக்கிறாள், மதியம் படுத்துவிடுகிறாள் என்பது மட்டும் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும், கூடப் பிறந்த பெரியம்மாவுக்கும்கூட, சொல்லவில்லை. மூன்று மாதம் திகைந்து நிறைவதற்கு முன் வெளியே சொன்னால் தங்காது என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு பயம். இதையெல்லாம் பின்னால் பெரியம்மா அழுதுகொண்டு சொன்னதிலிருந்து நான் சேர்த்துவைத்திருக்கிறேன். அன்று காலையில் அம்மா, "நான் வரல்ல, நீங்களும் பிள்ளையும் போயிட்டு வாருங்க" என்று சொன்னது மட்டும் என் காதாலேயே கேட்டேன். அப்பா, "நீ வராட்டா அவரு என்னன்னு கேப்பாரு. என்ன சொல்ல?" என்றார். அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

டேங்க் நிறைப்பதில் ஒரு வித்தை உண்டு. குழாய் தானாக 'டக்'கென்று நின்றுவிட்டால் டேங்க் நிறைந்ததாக அர்த்தமில்லை. உள்ளே காற்று நிற்கும். வண்டியில் இருப்பவர்களை இறக்கிவிட்டு, இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று வண்டியைப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்ட ஆட்டக் காற்று கொப்பளித்து வெளியே வரும், இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போகும். கழுத்து வரை வந்து கண்ணுக்குத் தெரிகிறபோதுதான் நிறைந்ததாகக் கணக்கு. காலையில் இரண்டு வண்டியையும் அப்படி ஆட்டி நிறைத்தார்கள். பங்கில் நின்றவன், "அண்ணாச்சி, டேங்க் போருமா, நான் வேணும்னா வாயிலயும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று கேட்டான். நான் நோட்டில் மீட்டர் எண்ணைக் குறித்தேன். எனக்குத்தான் கணக்கு எழுதும் வேலை. அதனால் முன் சீட்டும் எனக்குத்தான். அம்மா பின்னால் தனியாக உட்கார்ந்தாள்.

குலசேகரம் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் ஏற்றம். கண்ணாடிகள் ஏறியிருந்தன. வெயில் வண்டிக் கூரையைப் பிடித்துக்கொண்டது.

"இஞ்ச பாருங்க, இத்திப் போல கண்ணாடிய எறக்கட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"ஏத்தம் முடியட்டு. இப்பதான் வண்டி குடிக்க எடம்."

ஏற்றம் முடிந்தபோது இறக்கம் வந்தது. இறக்கத்தில் வண்டி சும்மா உருளும்போது காற்றுத் தடை வரக்கூடாது என்று அப்பா சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். அப்பா நிறுத்தினார். இறங்கி ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். அப்பா இறங்கிப் போய்த் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார், முதுகைத் தடவியும் விட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் இறங்குவதற்கு முன்னால் என்ஜினை அணைத்துவிட்டுத்தான் இறங்கினார். முன்னால் போன வெள்ளி நிற வண்டி காத்து நிற்பதைப் பார்த்து, "பாத்தியா மக்கா, என்ஜின அணைக்காம நிக்காரு. அங்கயே போச்சு அவருக்கு கால் கிலோமீட்டர்" என்று என்னிடம் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அணையில் தண்ணீர் கீழே கிடந்தது. சோற்றைச் சாப்பிட்டோம். அம்மா சாப்பிடவில்லை. பெரியம்மா என்ன ஏது என்று கேட்டதற்கு, "வண்டிப் பயணம் ஒத்துக்கிடல்லக்கா" என்று சொன்னாள். பெரியம்மா, "எங்க வண்டில ஏறு, ஏசி உண்டு" என்றாள். பெரியப்பா உடனே, அது செல்லாது, ஆள் மாறினால் பந்தயம் மாறிப்போகும் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அப்பா சோற்றுப் பாத்திரத்தைக் கட்டினார். அம்மா எங்கள் வண்டியிலேயே ஏறிக்கொண்டாள்.

இராஜாக்கமங்கலம் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை இருக்கும். நானும் அண்ணனும் கால் நனைக்க ஓடினோம். திரும்பி வந்தபோது அம்மா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அப்பா ஜன்னலுக்குக் குனிந்து நின்றார். அம்மா மெதுவாக ஏதோ சொன்னாள். "எப்ப தொட்டு இருக்கு?" என்று அப்பா கேட்டார். "எறக்கத்துல வரும்போ தொட்டு" என்றாள். அப்பா நிமிர்ந்து கடலைப் பார்த்தார். கால் மணலைக் கழுவிவிட்டு ஏறு என்று எப்போதும் சொல்கிறவர், அன்று சொல்லவில்லை. நான் மணல் காலோடு ஏறி உட்கார்ந்தேன்.

கடற்கரையிலிருந்து வந்தால் ஒரு முக்கு வரும். வலது பக்கம் நாகர்கோவில், பக்கம்தான். இடது பக்கம் இரணியல் வழியாகத் தக்கலை. அதற்கு இரண்டு மடங்கு தூரம்.

"நாரோயிலுக்கு விடுங்க. பெரிய ஆஸ்பத்திரில காட்டிருவோம்" என்றாள் அம்மா.

அப்பா முக்கில் வண்டியை மெதுவாக்கினார். முன்னால் பெரியப்பாவின் வண்டி இடது பக்கம் திரும்பியிருந்தது. அதன் பின்விளக்கு சிவப்பாக எரிந்து அணைந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தக்கலையிலயும் ஆஸ்பத்திரி உண்டும்லா. அது நமக்குத் தெரிஞ்ச எடம்" என்றார். இடது பக்கம் திரும்பினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடி, மடியில் துண்டை வைத்துக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார், ஒரு பக்கம் மட்டும். அன்று முதல் தடவையாக ஐம்பதில் போனார். இப்படிப் போனால் மைலேஜ் கெடுமே என்று எனக்குப் பதற்றம். சொன்னேன். "மிண்டாம இரிட்டி" என்று அதட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் வீட்டைத் தாண்டித்தான் தக்கலைக்குப் போனோம். தக்கலையில் பங்கு முதலில் வரும், ஆஸ்பத்திரி அதைத் தாண்டி. பெரியப்பாவின் வண்டி ஏற்கெனவே பங்கில் நின்றது. அண்ணன் ரோட்டுக்கு வந்து நின்று, கையை ஆட்டி எங்களை உள்ளே கூப்பிட்டான். அப்பா இண்டிகேட்டர் போடாமலே திரும்பினார்.

"அஞ்சு மினிட்டு" என்று பின்னால் பார்க்காமல் சொன்னார். "இப்ப விட்டா பின்ன கணக்கு ஒண்ணும் நிக்காது."

அம்மா, "ம்" என்றாள்.

ஐந்து நிமிடம் ஆகவில்லை, கூடுதலாகவே ஆயிற்று. எங்களுக்கு முன்னால் இரண்டு பைக்குகளும் ஒரு டெம்போவும் நின்றன. ஒரே குழாயில்தான் பிடிக்க வேண்டும் என்ற விதியால் அடுத்த குழாய் காலியாக இருந்தும் காத்துக்கிடந்தோம். பெரியப்பாவின் வண்டிக்கு முதலில் நிறைத்தார்கள். அண்ணன், அப்பா, பெரியப்பா மூன்று பேரும் ஆட்டினார்கள். நூற்றைந்து கிலோமீட்டர் ஓடியிருந்தது, நாலு புள்ளி ஐந்து ஐந்து லிட்டர் பிடித்தது. நான் நோட்டை முழங்காலில் வைத்து வகுத்தேன். இருபத்துமூன்று புள்ளி பூஜ்யம் ஏழு. பெரியப்பா செல்போனில் போட்டுப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது, இவளைப் பேங்க்கில் சேர்த்துவிடலாம் என்றார்.

பிறகு எங்கள் வண்டி. மீட்டரைப் பார்த்தேன், நூற்றுநாலு. குழாய் மூன்று புள்ளி ஒன்பதில் 'டக்'கென்று நின்றது.

இனி ஆட்ட வேண்டியதுதான். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. காலையில் ஆட்டினால் அது நமக்கு நல்லது. சாயங்காலம் எவ்வளவு ஆட்டுகிறார்களோ அவ்வளவு பெட்ரோல் கூடப் பிடிக்கும், அவ்வளவு மைலேஜ் குறையும். அதனால் சாயங்காலம் நம் வண்டியை மற்றவன்தான் உற்சாகமாக ஆட்டுவான். நாம் போதும் என்று சொன்னால் அது கள்ளத்தனம்.

"எறங்குங்க, எறங்குங்க" என்று பெரியப்பா கையைத் தட்டினார். நான் இறங்கினேன். அம்மா இறங்கவில்லை. பெரியப்பா குனிந்து பார்த்தார். "என்னட்டி, ஒறங்குதியா?" என்றார். அம்மா தலையை மட்டும் அசைத்தாள். "செரி, அவ இருக்கட்டு. அவ என்ன, காத்தடிச்சாப் பறந்திருவா. நாம ஆட்டுவோம்."

அப்பா தன் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, தடவிக்குடுக்க? நல்லாப் பிடிச்சு ஆட்டணும். நான் எனக்க வண்டிக்கு மூணு ஆள விட்டேம்லா."

அப்பா ஆட்டினார். பெரியப்பா இன்னும் பலமாக ஆட்டினார். அண்ணனும் பின்னால் சேர்ந்துகொண்டான். வண்டி அங்கும் இங்கும் சாய்ந்தது. அம்மா கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவள் தலை வண்டி போகிற பக்கமெல்லாம் போய் வந்தது. அவள் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தாள். அப்பா குழாய்ப் பெட்டியில் ஓடுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு. நாலு புள்ளி ஒன்று. மறுபடி ஆட்டினார்கள். நாலு புள்ளி இரண்டு. அப்பாவின் உதடு எண்களை எண்ணியது. நானும் எண்ணினேன். நாலரையைத் தாண்டினால் தோற்றுவிடுவோம் என்று எனக்குத் தெரியும். தாண்டக்கூடாது என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டேன். அன்று நான் வேண்டியது அது ஒன்றைத்தான்.

நாலு புள்ளி மூன்றில் பெட்ரோல் கழுத்துக்கு வந்துவிட்டது. பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

நான் வகுத்தேன். இருபத்துநான்கு புள்ளி ஒன்று எட்டு. பங்கே கேட்கும்படி கத்திச் சொன்னேன். பைக்கில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியப்பா செல்போனைப் பையில் போட்டுவிட்டு, "செரிடே, ஒத்துக்கிடுதேன். இனி அத ஆட்டோன்னு சொல்லல்ல" என்று அப்பாவின் தோளில் தட்டினார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பத்து வருடமாக வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன ஒன்று அந்த நேரத்தில் கையில் வந்துவிட்டதுபோல் நின்றார்.

பெரியம்மா அம்மாவைக் கேலி பண்ணுவதற்காகத்தான் எங்கள் வண்டியின் பின்கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். பிறகு வண்டிக்குள் ஏறி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, "வண்டிய எடுங்க" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா ஓடி வந்து ஏறினார். ஆஸ்பத்திரி ஐந்து நிமிடத் தூரம்தான்.

அங்கே என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அம்மாவுக்கு வயிற்றுவலி என்றார்கள். பெரியம்மா வராந்தாவில் அப்பாவிடம், "எங்களிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா? சொல்லியிருந்தா அவரு அந்த வண்டியத் தொட்டிருப்பாரா?" என்று கேட்டாள். அப்பா, "சொல்லாண்டாம்னு அவதான் சொன்னா" என்றார். அந்தப் பதில் உண்மைதான். பெரியப்பா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தன் உள்ளங்கைகளைத் துடைத்தபடியே இருந்தார்.

வண்டியை ஆட்டியதால் இப்படி ஆகவில்லை, பயணத்தாலும் ஆகவில்லை, முதல் மூன்று மாதத்தில் சிலருக்கு இது நடக்கும், காரணம் தேடாதீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். நானும் பிற்பாடு ஓசூர் விடுதியில் இருந்த ஒரு நர்ஸிடம் கேட்டுப் பார்த்தேன். அவளும் அதையேதான் சொன்னாள். நாகர்கோவிலுக்குத் திரும்பியிருந்தாலும் அது தங்கியிருக்காது. அதை நம்புகிறேன். கரு போனதற்கு அப்பாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு பெண் வலியோடு பின்சீட்டில் இருக்கும்போது வரிசையில் நிற்க ஒரு மனிதனால் முடிந்தது என்பதுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. அது எந்த டாக்டரிடமும் கேட்கிற விஷயமில்லை.

இரவுக்கு முன்னால் என்னை உள்ளே விட்டார்கள். அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் இருந்ததும் ஒன்றே ஒன்றுதான்.

"எம்மா, நாமதான் ஜெயிச்சோம்" என்றேன்.

அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "எவ்வளவு கிட்டிச்சு?" என்று கேட்டாள்.

நான் எண்ணைச் சொன்னேன், புள்ளியோடு. "கொள்ளாம் மக்கா" என்று மெச்சினாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். களைப்பாக இருக்கிறாள் என்று நினைத்து நான் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அப்பா பின்சீட்டைக் கழற்றி முற்றத்தில் போட்டு, சோப்புத்தூள் கரைத்துத் தேங்காய்நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். சிவந்த தண்ணீர் வாழைமரத்தடிக்குப் போனது. என்ன கொட்டியது என்று கேட்டேன். அப்பா இன்னும் அழுத்தித் தேய்த்தார். தண்ணீர் தெளிந்த பிறகும் தேய்த்தார்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்தாள். அதற்குப் பிறகு அந்தக் காரில் அவள் ஏறவில்லை. சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவும் இல்லை. சமைத்தாள், பரிமாறினாள், அப்பா கேட்டதற்குப் பதில் சொன்னாள். சந்தைக்குப் பஸ்ஸில் போனாள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அரை மணி நேரம் முன்னால் குடையை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்கு நடந்தாள். பெரியப்பா மட்டும் பங்கில் ஒத்துக்கொண்டபடி சர்ச் வளாகத்தில் எல்லோரிடமும், தம்பிக்க வண்டி இருபத்திநாலு கொடுக்கும், நான் சாட்சி என்று சொல்லிவிட்டிருந்தார். அது நடந்ததற்கு ஈடாக அவரால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான் போல. ஆட்கள் அப்பாவைச் சுற்றி நின்று எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, சும்மா ஓட்டுவதுதான் என்று சொல்லி நழுவினார். இத்தனை நாளும் யாராவது கேட்க மாட்டார்களா என்று தவித்தவர், கேட்கும்போது ஏன் சொல்லாமல் போகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவருக்குப் பதிலாக நான் சொன்னேன். எறும்பை, நியூட்ரலை, கண்ணாடியை, எல்லாவற்றையும் நான்தான் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் அப்பாவும் காரில் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பள்ளிக்கூட வளைவில் அம்மா முன்னால் நடந்துபோனாள். லேசாக மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா வேகத்தைக் குறைத்து அவள் பக்கத்தில் கொண்டுபோய், மெதுவாக ஹார்ன் அடித்தார். அம்மா ரோட்டை விட்டு இன்னும் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கி, வண்டிக்கு வழிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா அவளோடேயே கொஞ்ச தூரம் வண்டியை உருட்டினார். பின்னால் வந்த வேன் ஹார்ன் அடித்தது. அவளைத் தாண்டிப் போக வேண்டியதாகிவிட்டது.

அப்பாவின் முகம் ஒரு மாதிரி இருந்தது. அவரைச் சமாதானப்படுத்த நினைத்தேன். அம்மா ஏன் நடக்கிறாள் என்பதை நான் பல நாள் யோசித்துக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதைப் பெருமையோடுதான் சொன்னேன்.

"அம்மா ஏறாதது நல்லதுதாம்ப்பா. ஒரு ஆளு கொறஞ்சா வண்டி லேசாவும்லா. நமக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் கூடக் கிட்டும்."

அப்பா வண்டியை ஓரம் கட்டினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் அணைக்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சர்ச்சின் கடைசி மணி அடித்து ஓய்ந்தது. நான் எட்டிப் பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். அது பாதிக்கு மேலேயே நின்றது. டேங்கில் இவ்வளவு இருக்கும்போது எதற்காக நிற்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை.